பன்னிரண்டு நாள் காத்திருந்த கொசு

1900 நவம்பர் 30 அன்று, கியூபாவின் ஹவானா நகருக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் கட்டப்பட்டிருந்த மரக் குடிலுக்குள் மூன்று அமெரிக்கர்கள் நுழைந்தார்கள். ஒருவர் ராணுவ மருத்துவர். மற்ற இருவர் சிப்பாய்கள். குடில் 20 அடி நீளம், 14 அடி அகலம். காற்று குறுக்கே ஓடிவிடக் கூடாது என்பதற்காக ஜன்னல்கள் இரண்டையும் ஒரே பக்கச் சுவரில் வைத்திருந்தார்கள். உள்ளே எப்போதும் புழுக்கம் இருக்கும்படி அடுப்பு எரிந்தது. அங்கே இருந்த பெரிய பெட்டிகளை மூவரும் திறந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் நோயாளிகள் படுத்துக் கிடந்த விரிப்புகள், போர்வைகள், தலையணை உறைகள். எல்லாவற்றிலும் மலமும் சிறுநீரும் கறுப்பு வாந்தியும் காய்ந்து ஒட்டியிருந்தன. நாற்றம் தாங்க முடியாமல் மூவரும் வெளியே ஓடினார்கள். பிறகு திரும்பி வந்து, அந்தத் துணிகளை உதறி, கட்டிலில் விரித்து, அவற்றின் மேலேயே படுத்தார்கள். அன்று தொடங்கி 20 இரவுகள் அங்கேயே உறங்கினார்கள்.

அவர்களுக்கு எதுவும் நேரவில்லை. அடுத்து வந்தவர்கள் நோயாளிகளின் இரவு உடைகளையே அணிந்து படுத்தார்கள். அவர்களுக்கும் நோய் வரவில்லை. மஞ்சள் காய்ச்சல் துணிமணிகளில் ஒட்டிக்கொண்டு பரவுகிறது என்று நம்பி, ஊர் ஊராகப் படுக்கைகளையும் மூட்டைகளையும் தீயிட்டுக் கொளுத்திய நூறாண்டு வழக்கம் அந்தக் குடிலோடு முடிந்தது.

இந்தச் சோதனையைத் திட்டமிட்டவர் அமெரிக்க ராணுவத்தின் மேஜர் வால்ட்டர் ரீட். ராணுவப் பெருமை என்றால் நமக்குப் போர்க்களமும் பதக்கமும்தான் நினைவுக்கு வரும். ரீடின் பெருமை வேறு வகை. 1851இல் வர்ஜீனியாவில் பிறந்து, பதினெட்டு வயது நிரம்பும் முன்பே மருத்துவப் பட்டம் பெற்று, 1875இல் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பெரும்பகுதி அரிசோனா, நெப்ராஸ்கா போன்ற எல்லைப்புற முகாம்களில் கழிந்தது. 1890களில்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூறியல் கற்று, நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். 1893இல் ராணுவ மருத்துவப் பள்ளியில் பேராசிரியரானார்.

1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது அமெரிக்கப் பயிற்சி முகாம்களில் 20,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு டைபாய்டு வந்தது. காரணம் கண்டறியும் குழுவுக்கு ரீட் தலைவர். முகாம்களில் கழிப்பிடக் குழிகளின் மேல் சுண்ணாம்பு தூவுவார்கள். சாப்பாட்டுக் கூடாரத்தில் உணவின் மேல் ஊர்ந்த ஈக்களின் கால்களில் அந்த வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நோய் வந்த பாதையை ஈக்கள் தங்கள் காலாலேயே எழுதிக் காட்டின. குடிநீரை மட்டும் பழிப்பது போதாது, ஈயும் வீரர்களின் கையும் கூடாரமும் சேர்ந்தே நோயைக் கடத்துகின்றன என்று குழு கண்டது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை ரீட் அந்த முகாம்களில்தான் கற்றார் என்று நான் கருதுகிறேன்.

1900 ஜூனில் அவர் கியூபாவுக்கு அனுப்பப்பட்டார். உடன் ஜேம்ஸ் கேரல், ஜெஸ்ஸி லசியர், அரிஸ்டிடீஸ் அக்ரமோன்டே என மூன்று மருத்துவர்கள். மஞ்சள் காய்ச்சல் அங்கே அமெரிக்கப் படையை வாட்டிக்கொண்டிருந்தது. கடும் காய்ச்சல், கண்ணும் தோலும் மஞ்சளாதல், இரைப்பையில் கசிந்த ரத்தம் அமிலத்தில் கருத்து வாந்தியாக வெளிவருதல், பிறகு பலருக்கு மரணம். ஹவானாவைக் கூட்டிப் பெருக்கிக் கழுவிச் சுத்தமாக்கியும் பயனில்லை. வேறு நோய்கள் குறைந்தன. இது மட்டும் கூடியது.

விடை ஹவானாவிலேயே இருந்தது. கார்லோஸ் ஃபின்லே என்ற கியூப மருத்துவர் 1881லேயே, இந்த நோயைக் கொண்டுவருவது வீட்டுத் தண்ணீரில் முட்டையிடும் ஒரு குறிப்பிட்ட கொசு என்று சொல்லிவிட்டார். இன்று ஏடிஸ் எஜிப்தி என்று நாம் அழைக்கும் அதே கொசு. ஆனால் அவரால் நிரூபிக்க முடியவில்லை. நோயாளியைக் கடித்த கொசுவைச் சில நாட்களிலேயே இன்னொருவர் மேல் விட்டார். பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. இருபது ஆண்டுகள் அவரைக் கொசுப் பைத்தியம் என்று பலர் ஒதுக்கினார்கள். சரியான கொசுவைக் கையில் வைத்திருந்த மனிதருக்கு இப்படி நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

விடுபட்டது காலம். அதைக் கவனித்தவர் ஹென்றி ரோஸ் கார்ட்டர் என்ற அமெரிக்கப் பொதுச் சுகாதார அதிகாரி. 1898இல் மிசிசிப்பி மாநிலத்தின் இரண்டு சிற்றூர்களில், எந்த வீட்டுக்கு யார் எந்தத் தேதியில் போனார்கள், எப்போது படுத்தார்கள் என்று வீடு வீடாகக் குறித்தார். ஒரு வீட்டில் முதல் நோயாளி விழுந்த உடனே அங்கு வந்து போனவர்களுக்கு நோய் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தவர்களுக்கு வந்தது, முதல் நோயாளி அந்த வீட்டிலிருந்து அகற்றப்பட்ட பிறகும்கூட. அந்த இரண்டு வாரமும் நோய் எங்கே இருந்தது?

ஃபின்லே கொடுத்த முட்டைகளைப் பொரித்து வளர்த்தவர் லசியர். சோதனைக் குழாயில் ஒரு கொசு, வாயில் பஞ்சு அடைப்பு. நோயாளியின் வயிற்றின் மேல் குழாயைக் கவிழ்த்துப் பஞ்சை நகர்த்துவார். கொசு இறங்கி ரத்தம் குடிக்கும். அதே முறையில் பின்னர் தன்னார்வலர்களையும் கடிக்க வைத்தார். முதல் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. குழுவே நம்பிக்கை இழந்தது. ஆகஸ்ட் 27 அன்று கேரல் கையை நீட்டினார். அன்று அவரைக் கடித்த கொசு, நோயின் இரண்டாம் நாளில் இருந்த ஒரு நோயாளியைப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் கடித்திருந்தது. கேரல் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். அடுத்து ஒரு குதிரைப்படை வீரருக்கும் கடியால் நோய் வந்தது. செப்டம்பரில் லசியரும் கடிபட்டுப் படுத்தார்; 25ஆம் தேதி இறந்தார். வயது 34. அப்போது வாஷிங்டனில் டைபாய்டு அறிக்கையை முடித்துக்கொண்டிருந்த ரீட் திரும்பி வந்து, லசியரின் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். பலித்த கடிக்கும் பலிக்காத கடிக்கும் இருந்த வேறுபாடு அந்தத் தேதிகளில் இருந்தது.

கொசுவை ஊசி என்று நினைத்தால் இது விளங்காது. ஊசியாக இருந்தால் இங்கே குத்தி, உடனே அங்கே குத்தினால் போதும். கொசு உறிஞ்சிய ரத்தம் அதன் நடுக்குடலுக்குப் போகிறது. அங்கே வைரஸ் செரிமானத்துக்குத் தப்பி, குடல் சுவரின் செல்களுக்குள் புகுந்து பெருக வேண்டும். பிறகு சுவரைத் தாண்டி உடற்குழிக்குள் வந்து, மற்ற உறுப்புகளில் பரவி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். கொசு கடிக்கும்போது நம் தோலுக்குள் செலுத்துவது உமிழ்நீரைத்தான். முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. சுரப்பியை வைரஸ் எட்டும்வரை அந்தக் கொசு கடித்தாலும் நோய் தராது. எட்டிய பிறகு, சாகும்வரை தரும். இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ பன்னிரண்டு நாள். வெயில் கூடினால் குறையும், குளிர்ந்தால் நீளும். இன்னொரு பூட்டும் உண்டு. நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் மிகுந்திருப்பது முதல் மூன்று நாட்களில்தான். அதற்குப் பின் குடித்த கொசு வெறும் ரத்தம் குடித்த கொசு. ஃபின்லேயின் தோல்வியும் லசியரின் முதல் ஒன்பது தோல்விகளும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

நம் ஊர்த் தொட்டியிலும் டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் முட்டையிட்டு டெங்குவைப் பரப்புவது இதே ஏடிஸ்தான். டெங்கு வைரஸும் இதே குடல்-உமிழ்நீர்ப் பாதையில்தான் பயணிக்கிறது. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை, கொசு இருக்கிறது. அதனால்தான் அந்த நோய் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வருபவரிடம் நம் விமான நிலையங்களில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

ரீட் செய்தது, இந்த அறிவை யாரும் மறுக்க முடியாத சோதனையாக மாற்றியது. லசியர் பெயரில் ஒரு தனி முகாம் அமைத்தார். வந்துபோகும் கூட்டம் இல்லை. ஒவ்வொருவரின் உடல் வெப்பமும் நாள்தோறும் பலமுறை குறிக்கப்பட்டது. படையின் கட்டுப்பாடு இல்லாமல் இத்தனை பேரை வாரக்கணக்கில் இப்படித் தனித்து வைத்திருக்க முடிந்திருக்காது. முகாமில் இரண்டாவது குடில் ஒன்று இருந்தது. முதல் குடிலுக்கு நேரெதிர்: காற்றோட்டமானது, உள்ளே இருந்த பொருள் எல்லாம் நீராவியில் கிருமி நீக்கப்பட்டது, நடுவே கம்பிவலைத் தடுப்பு. டிசம்பர் 21 நண்பகலில் ஒரு பாதியில் 15 கொசுக்கள் விடப்பட்டன. ஜான் மோரன் என்ற இளைஞர் குளித்து, தூய இரவு உடை அணிந்து அந்தப் பாதியில் படுத்தார். மறுபாதியில் இருவர். மூவரும் சுவாசித்தது ஒரே காற்று. கிறிஸ்துமஸ் நாளில் மோரனுக்குக் காய்ச்சல் கண்டது. வலைக்கு அப்பால் இருந்தவர்கள் 18 இரவுகள் உறங்கியும் நலமாக இருந்தார்கள்.

தன்னார்வலர்களிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். ஸ்பெயினிலிருந்து வந்த ஏழைக் குடியேறிகளுக்கு 100 டாலர் தங்கமாகவும், நோய் வந்தால் மேலும் 100 டாலரும் தரப்பட்டன. மோரனும், அவருக்கு முன் கடிபட்டு நோயுற்ற ஜான் கிஸிங்கர் என்ற சிப்பாயும் பணம் வேண்டாம் என்றார்கள். ஆனால் வறுமையில் இருப்பவர் முன் பணத்தை வைத்துக் கேட்கும் ஒப்புதல் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. ரீடின் முகாமில் யாரும் இறக்கவில்லை. 1901 ஆகஸ்டில், ஹவானாவில் வேறொருவர் நடத்திய கொசுச் சோதனையில் கிளாரா மாஸ் என்ற 25 வயது செவிலியர் இறந்தார்.

முடிவுகள் வந்ததும் ஹவானாவின் சுகாதாரப் பொறுப்பிலிருந்த மேஜர் வில்லியம் கோர்காஸ் களம் இறங்கினார். கொசுக் கதையைத் தொடக்கத்தில் அவரே நம்பவில்லை. 1901 தொடக்கம் முதல் அவருடைய ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். தண்ணீர்த் தொட்டிகளை மூடினார்கள், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினார்கள், நோயாளிகளின் அறைகளை வலையடித்து, மீதிக் கொசுக்களைப் புகை போட்டுக் கொன்றார்கள். 1900இல் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் 310 பேர். 1901இல் 18. 1902இல் ஒருவரும் இல்லை.

கிருமி என்ன என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. 1901இல் கேரல் மீண்டும் கியூபா சென்றார். நோயாளியின் ரத்தநீரைப் பாக்டீரியா எதுவும் தாண்ட முடியாத வடிகட்டியில் வடித்து ஊசி போட்டபோதும் நோய் வந்தது. மனித நோய் ஒன்றுக்கு வைரஸ்தான் காரணம் என்று காட்டிய முதல் சோதனை அது. அந்த வைரஸைப் பிரித்தெடுக்க 1927வரை ஆனது. ரீட் அதைப் பார்க்கவில்லை. 1902 நவம்பரில், குடல்வால் அறுவைக்குப் பின் வந்த வயிற்றறை அழற்சியில் 51 வயதில் வாஷிங்டனில் இறந்தார்.