எடுத்த புத்தகத்தையே மீண்டும் எடுத்தால் என்ன?

சென்ற வாரம் எங்கள் நூலகத்தின் இரவல் மேசைக்கு வந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, மண் அள்ளும் இயந்திரங்களைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "போன தடவையும் இதைத்தானே எடுத்தாய், வேறு எடு" என்று அவளுடைய தந்தை அதைப் பிடுங்கி அடுக்கில் வைத்துவிட்டு, பொது அறிவு வினா விடை ஒன்றை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். குழந்தைகள் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் எனக்கு இக்காட்சி புதிதன்று. ஒரே மாதத்தில் இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதைக் கைவிட்ட பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு முறை படித்த புத்தகம் முடிந்துவிட்டது என்பது பெரியவர்களின் கணக்கு. முதல் வாசிப்பில், கதை எங்கே போகிறது என்று தொடர்வதற்கே குழந்தையின் கவனம் முழுவதும் செலவாகிவிடும்; அடுத்து வருவது இன்னதென்று தெரிந்த பிறகுதான் தெரியாத ஒரு சொல்லின் மீதும், படத்தின் மூலையில் ஒளிந்திருக்கும் பூனையின் மீதும் அதன் மனம் நிற்கும். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பவும், மற்றொரு பிரிவினருக்கு வெவ்வேறு கதைகளையும் படித்துக் காட்டினார்கள். புதுச் சொற்களை இரு பிரிவினரும் சம எண்ணிக்கையில்தான் கேட்டனர். ஆயினும் அவற்றை நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் ஒரே கதைகளைக் கேட்ட குழந்தைகளே. காசு கொடுத்து வாங்கிய புத்தகமானால் நூறு முறை படிக்கச் சொல்லும் பெற்றோர், இரவல் புத்தகத்துக்கு மட்டும் ஒரு முறை என்று வரையறுப்பது ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வேறு புத்தகமும் வேண்டாமா என்றால், வேண்டும். அதற்காகத்தான் ஓர் உறுப்பினர் அட்டைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட புத்தகங்களைத் தருகிறோம். அனுமதித்த எண்ணிக்கை முழுவதையும் எடுங்கள். ஒன்று குழந்தை விடாமல் கேட்கும் பழைய புத்தகமாகவும், ஒன்று அதுவே புதிதாகத் தேர்ந்ததாகவும் இருக்கட்டும். மீதியில் உங்கள் விருப்பத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காததைப் பாதியில் மூடித் திருப்பித் தந்தால் யாருக்கும் நட்டமில்லை. கதை அடுக்கோடு நின்றுவிடவும் வேண்டாம். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்குவதற்காக 1876-இல் வெளியான தூயி தசமப் பகுப்புமுறையைப் பின்பற்றும் நூலகங்களில் நாட்டுப்புறக் கதைகள் 398.2 என்ற எண்ணிலும், டைனோசர்கள் 567.9 என்ற எண்ணிலும் இருக்கும். "டைனோசர் புத்தகமே இல்லையே" என்று குறைபட்டுக்கொள்வோரில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்.

திருப்ப வேண்டிய நாளுக்கு முன்பே இரவலைப் புதுப்பித்துவிடுங்கள். வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் புதுப்பிக்க இயலாது. இரவல் புத்தகங்களுக்கு வீட்டில் தனியிடம் ஒதுக்குங்கள். தொலைவதில் பாதி குறையும்.

பிள்ளை புத்தகத்தைக் கிழித்துவிடுவான் என்று அஞ்சி நூலக அட்டையே எடுக்காமலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்ட இந்திய நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்பதைத்தான் முதல் விதியாக வைத்தார். முனை மழுங்காமல் அடுக்கிலேயே நிற்கும் படப்புத்தகத்தைப் பார்த்தால்தான் எங்களுக்கு வருத்தம். கைக்குழந்தை என்றால் கெட்டி அட்டைப் பக்கங்கள் கொண்டதைக் கேளுங்கள். அப்படியும் கிழிந்தால், தயவுசெய்து செலோடேப்பை மட்டும் தொடாதீர்கள். அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளையே கறைப்படுத்தும். கிழிந்த துண்டைப் பக்கத்துக்குள்ளேயே வைத்து, பக்க எண்ணை ஒரு சீட்டில் குறித்துக் கொண்டுவாருங்கள். ஒட்டுவது எங்கள் வேலை.