டேட்டாபேஸ் மெதுவாகிவிட்டதா? சர்வர் வாங்கும் முன் கிளாக்சோர்ஸைப் பாருங்கள்

மறுபடியும் அதே கதை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் திணறுகிறது என்று சர்வரை இரண்டு மடங்கு பெரிதாக்கி, இண்டெக்ஸ்களை மாற்றிப் பார்த்து, டெவலப்பர்களைத் திட்டித் தீர்த்து, கடைசியில்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். சிபியு நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை ஓட்டியதும் பட்டியலின் உச்சியில் நின்றது ரீட் எச்பெட், அதாவது எச்பெட் என்ற கடிகாரத்தைப் படிக்கும் வேலை. மணி பார்ப்பதிலேயே சிபியு கரைந்துகொண்டிருந்தது. லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எந்தக் கடிகாரத்தைப் படித்து நேரம் சொல்கிறதோ, அதுதான் கிளாக்சோர்ஸ்.

விஷயத்தைச் சொன்னதும் வந்த பதில், "எங்களிடம் க்ரோனி ஓடுகிறதே, நேரம் சரியாகத்தான் இருக்கிறது!" க்ரோனி என்பது நெட்வொர்க் வழியாகக் கணினியின் நேரத்தைச் சரிசெய்யும் மென்பொருள். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நேரம் சரியாக இருப்பது வேறு, நேரத்தைப் படிக்க ஆகும் செலவு வேறு. க்ரோனியும், அதே வேலையைச் செய்யும் என்டிபியும் முதலாவதை மட்டுமே கவனிக்கின்றன. இரண்டாவதை அவை தொடுவதே இல்லை. கூடத்துச் சுவரில் கடிகாரம் இருந்தால் நிமிர்ந்து பார்த்தால் போதும்; தெருமுனைக் கோபுரத்தில்தான் கடிகாரம் என்றால், அது எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் ஒவ்வொரு முறையும் நடந்துதான் ஆகவேண்டும். க்ரோனியின் அறிக்கை பச்சையாக இருப்பதைக் காட்டி இந்தச் சிக்கலை மறுக்காதீர்கள், தயவுசெய்து.

டிஎஸ்சி என்பது சிபியுவுக்குள்ளேயே இருக்கும் கவுண்டர். விடிஎஸ்ஓ என்ற குறுக்குவழியில், கர்னலுக்குள் நுழையாமலே, சில பத்து நானோவினாடிகளில் படித்துவிடலாம். எச்பெட்டும் ஏசிபிஐ பிஎம்மும் சிபியுவுக்கு வெளியே இருக்கும் கடிகாரங்கள். ஒரு முறை படிக்கவே ஒரு மைக்ரோவினாடி அளவுக்கு ஆகிவிடும். பல கோர்கள் ஒரே நேரத்தில் கேட்டால் இன்னும் மோசம்.

ஒரு மைக்ரோவினாடிதானே என்கிறீர்களா? வினவலை ஓட்டி எந்தப் படியில் எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளை, வினவல் திட்டத்தின் ஒவ்வொரு கணுவிலும் (படியிலும்) ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு முறை மணி பார்க்கிறது. ஒரு கோடி வரிசை, ஒரே கணு என்றாலும் 20 வினாடி அதிலேயே போய்விடும். போஸ்ட்கிரஸ் கையேட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஒரு லட்சம் வரிசைகளை எண்ணும் வினவலுக்கு 9.8 மில்லிவினாடி. அதையே எக்ஸ்பிளெயின் அனலைஸோடு ஓட்டினால் டிஎஸ்சியில் 16.6, ஏசிபிஐ பிஎம்மில் 115.9. நான் சொன்ன இடத்தில் வினவல் திட்டங்களைத் தானாகப் பதிவு செய்யும் ஆட்டோ எக்ஸ்பிளெயினில், இதே அளவீட்டைச் செய்யவைக்கும் லாக் அனலைஸ் அமைப்பைப் புரொடக்‌ஷனிலேயே போட்டு வைத்திருந்தார்கள். அதாவது எல்லா வினவலும் இந்தச் செலவைச் சுமந்துகொண்டிருந்தது. டிஸ்க் வேலைக்கு ஆகும் நேரத்தை அளக்கும் டிராக் ஐஓ டைமிங் அமைப்பும் இப்படித்தான், பிளாக் படிக்கும்போதெல்லாம் மணி கேட்கும்.

சரி, என்ன செய்வது? சிஸ் கோப்பகத்தில் கரன்ட் கிளாக்சோர்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள், டிஎஸ்சியா எச்பெட்டா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. அப்புறம் மணி பார்க்க ஆகும் செலவை அளக்கும் பிஜி டெஸ்ட் டைமிங்கை ஓட்டுங்கள், போஸ்ட்கிரஸ் 9.2 பதிப்பிலிருந்தே கூடவே வருகிறது, ஏன் யாரும் ஓட்டுவதில்லை என்று புரியவில்லை. கர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் எஸ்டிரேஸ் கருவியில், நேரம் கேட்கும் கிளாக் கெட்டைம் அழைப்புகள் கொட்டினால் விடிஎஸ்ஓ வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கேவிஎம் மெய்நிகர் இயந்திரங்களில் வரும் கேவிஎம் கிளாக் என்று கோப்பில் இருந்தால் பதற வேண்டாம், அது பெரும்பாலும் விடிஎஸ்ஓவிலேயே ஓடும். பழைய ஸென் மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் கட்டாயம் சோதியுங்கள்.

டிஎஸ்சி கைவிடப்பட்டிருந்தால் உடனே பூட் அமைப்பில் டிஎஸ்சி ரிலையபிள் என்று போட்டு அடக்கிவிடாதீர்கள்! கர்னலின் கண்காணிப்பு காரணத்தோடுதான் அதை நிலையற்றது என்று குறித்திருக்கும். கர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜைப் படியுங்கள். சாக்கெட்டுகளுக்கிடையே (ஒரே சர்வரில் உள்ள தனித்தனி சிபியுக்களுக்கிடையே) கவுண்டர் உண்மையிலேயே விலகியிருந்தால், வற்புறுத்தித் திணிப்பதால் நேரம் பின்னோக்கிப் போகக்கூடும். டேட்டாபேஸுக்கு அது மெதுவாக ஓடுவதைவிடப் பெரிய ஆபத்து. முதலில் பயாஸையும் கர்னலையும் புதுப்பியுங்கள், மெய்நிகர் இயந்திரம் என்றால் வழங்குநரிடம் கேளுங்கள்.

அதுவரை எக்ஸ்பிளெயின் அனலைஸை டைமிங் ஆஃப் சேர்த்து ஓட்டுங்கள். வரிசை எண்ணிக்கைகள் அப்போதும் கிடைக்கும். ஆட்டோ எக்ஸ்பிளெயினில் லாக் டைமிங்கையும் அணைத்து வையுங்கள். ஒவ்வொரு ரீபூட்டுக்குப் பிறகும் கிளாக்சோர்ஸ் மாறியிருக்கிறதா என்று உங்கள் மானிட்டரிங்கிலேயே ஓர் அலாரம் வைத்துவிடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் கர்னல் எச்பெட்டுக்குத் தாவலாம், அதனால் ரீபூட்டோடு நிறுத்தாமல் மணிக்கொரு முறையாவது அந்தச் சோதனை ஓடட்டும்.