ஆறாவது மாதத்தில் ஏன் விட்டுவிடுகிறோம்?

பெரியவர்களுக்கு மொழி கற்றுக்கொடுப்பது என் வேலை. யார் எப்போது வகுப்பை விட்டு நின்றார்கள் என்று பார்ப்பதற்காக ஒருநாள் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டினேன். முதல் வாரத்திலேயே நின்றவர்கள் சிலர், அது சகஜம். ஆனால் நிறைய பேர் நின்றது ஐந்தாவது, ஆறாவது மாதத்தில். எழுத்துகளோடு மல்லுக்கட்டி முடித்து, வழி கேட்கவும் தன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசவும் பழகிய பிறகு நின்றிருக்கிறார்கள். விசாரித்தால் "அங்கேயே நிக்கிறேன் மேடம், முன்னேற்றமே இல்ல" என்றுதான் அநேகமாக எல்லாரும் சொல்வார்கள்.

அது உண்மை இல்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எந்த மொழியிலும் கொஞ்சம் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். தொடக்கத்தில் நாம் படிப்பது அவற்றைத்தான், அதனால் இன்று படித்த சொல் நாளைக்கே காதில் விழும், சந்தோஷமாக இருக்கும். அப்புறம் படிக்கிற சொற்கள் எப்போதாவதுதான் எதிர்ப்படும். உழைப்பு அதேதான், பலன் கண்ணுக்குத் தெரிய மட்டும் நாளாகும்.

இதோடு ஒரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. தினமும் அரை மணி நேரம் வீதம் ஆறு மாதம் படித்தால் மொத்தம் சுமார் 90 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசும் அதிகாரிகள் ஜப்பானிய மொழியில் வேலைக்குத் தேவையான அளவு தேர்ச்சி பெறச் சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்கிறது. அவர்களுக்கு முழுநேர வேலையே படிப்புதான். அப்படியிருக்க, 90 மணி நேரத்தை வைத்துக்கொண்டு எனக்கு மூளை இல்லை என்று தன்னையே திட்டிக்கொள்வது எவ்வளவு அநியாயம்!

ஒரு மாணவி நிற்கப் போவதாகச் சொல்ல வந்தார். முதல் மாதம் அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவு என் போனில் இருந்தது, போட்டுக் காட்டினேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் சட்டென்று நிமிர்ந்து, "ஐயோ, இறந்தகாலத்துல சொல்ல வேண்டியத நிகழ்காலத்துல சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு அந்த வாக்கியத்தைத் தானே சரியாகச் சொன்னார், யோசிக்கக்கூட இல்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் அந்தத் தவறு அவர் காதில் விழுந்தே இருக்காது. அன்றைக்கு நிற்பதைப் பற்றி மேற்கொண்டு பேச்சே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பரிசோதித்து 1885 இல் எழுதினார். ஒரே மூச்சில் 68 முறை படித்ததன் பலன், மூன்று நாளாகப் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே கிடைத்துவிட்டது. அதனால் தினமும் இருபது நிமிடம் போதும், முடியாத நாளில் ஐந்து நிமிடம். ஒருநாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று பயப்படவும் வேண்டாம். புதுப் பழக்கம் எப்படி ஒட்டுகிறது என்று லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் பழக்கம் தானாக வருவதற்குச் சுமார் 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசப்பட்டது, இடையில் ஒருநாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. என் வகுப்பில் ஆட்களைக் கவிழ்ப்பது அந்த ஒருநாள் இல்லை, அதற்காக வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிற அடுத்த பத்து நாள்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கே போனை எடுத்து, படிக்கும் மொழியில் உங்கள் வீட்டைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள், திக்கினாலும் பரவாயில்லை, அழிக்காதீர்கள். தேதியைப் பெயராகப் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை அதே விஷயத்தைப் பேசிப் பதியுங்கள். பழையதை உடனே கேட்க வேண்டாம், விட்டுவிடலாம் என்று தோன்றுகிற நாள் வரும், அன்றைக்கு எடுத்துக் கேளுங்கள்.