ராஜா பரம்பரையும் ஒரு முழம் பூவும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பிரபலங்களின் பூர்வீகத்தைத் தேடிப் போகிற டிவி நிகழ்ச்சிகளை எங்கள் வீட்டில் ஆயா முதல் பேரன் வரை உட்கார்ந்து பார்க்கிறோம். அதெப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு ராஜாவோ கொலைகாரனோ கிடைத்துவிடுகிறான்? எங்கள் குடும்பத்தைத் தோண்டினால் கரும்புத் தோட்டம்தானே வரும்?"

நல்ல கேள்வி. 2004-இல் பிபிசி 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்?' தொடரை ஆரம்பித்ததிலிருந்து பல நாடுகள் அதே அச்சில் எடுத்துவிட்டன. தென்னாப்பிரிக்காவிலும் ஒன்று வந்தது. பிரபலங்களை அழவைக்கும் அந்த ரகசியத்தில் பாதி சும்மா கணக்குதான். பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அடுத்து 8. ஐந்தாம் தலைமுறையில் 32 பேர். இத்தனை பேரில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை, வீட்டைவிட்டு ஓடவில்லை என்றால்தான் ஆச்சரியம். கேமரா அவர் பின்னால் மட்டும் போகும். மற்ற 31 பேர் திரைக்கு வரமாட்டார்கள். பிரிட்டிஷ் டிவி பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சனின் குடும்பத்தில் ஒன்றுமே தேறவில்லை என்று அவருடைய பகுதியையே கைவிட்டுவிட்டார்கள். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

சரி, ராஜா? 2016-இல் பிரிட்டிஷ் நடிகர் டேனி டையர், தான் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் வாரிசு என்று தெரிந்து திக்குமுக்காடிப் போனார். எட்வர்ட் இறந்தது 1377-இல். இருபத்திரண்டு தலைமுறை பின்னால் போனால் 2-ஐ இருபத்திரண்டு முறை பெருக்க வேண்டும்: சுமார் 42 லட்சம் முன்னோர். அன்றைய இங்கிலாந்தில் அத்தனை ஜனமே கிடையாது. ஆகவே ஒரே ஆள் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வந்துதான் தீர வேண்டும். நமக்கு இது புதிதா என்ன? மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என எட்டுப் பேருக்குப் பதில் ஆறு பேர்தான். அந்த மண்ணிலேயே வேர்விட்ட ஆங்கிலேயர் கிட்டத்தட்ட எல்லோருமே எட்வர்டின் வாரிசுகள். டையருக்குக் காகிதம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் அம்மா பூ கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சாமந்தியில் ஒரு சரம், வெள்ளை மல்லிகையில் ஒரு சரம், இரண்டும் ஒரே நீளம். மஞ்சள் உங்கள் அப்பாவுக்கு அவருடைய அப்பா கொடுத்த குரோமோசோம், அதாவது டிஎன்ஏவைச் சுமக்கும் இழை. வெள்ளை அவருடைய அம்மா கொடுத்தது. விந்தணு உருவாகும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கின்றன. ஒரே இடத்தில் இரண்டிலும் வெட்டு விழுகிறது. மஞ்சளின் தலைப்பக்கத்தோடு வெள்ளையின் வால்பக்கம் முடியப்படுகிறது. அப்படிக் கட்டிய சரத்தில் ஒன்றுதான் உங்களுக்கு வருகிறது. உங்கள் அக்காவுக்கு வந்தது வேறொரு சமயம், வேறு இடத்தில் வெட்டிக் கட்டிய சரம். உடன்பிறந்தவர்கள் டிஎன்ஏ பரிசோதனை செய்தால் முடிவு வேறு வேறாக வருவது இதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வெட்டுகள் மிகக் குறைவு. எல்லாக் குரோமோசோம்களுக்கும் சேர்த்து அப்பா பக்கம் சுமார் 26, அம்மா பக்கம் சுமார் 40. மசாலாப் பொடிபோல் கலப்பதில்லை. முழ முழமாகத்தான் கைமாறுகிறது. ஆகவே உங்களிடம் இருக்கும் துண்டுகள் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏதோ அறுபது, எழுபது என்று கூடுகின்றன. முன்னோரோ இரட்டிப்பாகிக்கொண்டே போகிறார்கள். கூட்டல் பெருக்கலோடு ஓடி ஜெயிக்குமா? பத்தாம் தலைமுறையில் 1024 பேர் இருக்க, துண்டுகள் அறுநூற்றுச் சொச்சம்தான். அந்த முன்னோரில் ஏறத்தாழ பாதிப்பேரிடமிருந்து உங்களுக்கு ஒரு பூகூட வந்திருக்காது. இருபத்திரண்டாம் தலைமுறையில் 42 லட்சம் இடத்துக்குச் சுமார் 1,400 துண்டு. டையர் எட்வர்டின் வாரிசுதான்; உடம்பில் எட்வர்ட் இருப்பது சந்தேகம்.

இதைச் சொன்னால் 'எங்கள் வம்சம்', 'எங்கள் ரத்தம்' என்று மீசை முறுக்குகிறவர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். டிஎன்ஏ பரிசோதனை விற்கும் பல நிறுவனங்களின் ஒப்பீட்டு மாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பியருடையவை. அதை வைத்துக்கொண்டு நமக்கு விற்கும் 'நான்கு சதவீதம் இன்னது' என்ற கணக்கையும் நான் பெரிதாக நம்புவதில்லை. அந்தக் காசு ஆவணக் காப்பகத்தில் பழைய தாள்களைப் பாதுகாப்பவர்களுக்குப் போனால் சந்தோஷப்படுவேன்.

ஏனென்றால் நம் ராஜாக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொலோனியல் நம்பர் (பதிவு எண்), பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், அங்க அடையாளம். என் அப்பாவின் ஆயாவுடைய வரியில் கடைசிக் கட்டத்தில் இடது முழங்காலில் தழும்பு என்று எழுதியிருக்கிறது. எப்படிப் பட்டதென்று கேட்க இப்போது யாருமில்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். கப்பலேறியவர் உங்களுக்கு ஐந்தாம் தலைமுறை என்றால் 32 பேருக்கு முந்நூறு துண்டுக்கு மேல். ஆளுக்குப் பத்துத் துண்டு. அவர்கள் நிச்சயம் உங்களுக்குள் இருக்கிறார்கள். வாசகி அம்மா, உங்கள் ஆயாவின் அலமாரியில் பழைய பத்திரம் வைத்த பிஸ்கட் டப்பா ஏதாவது இருந்தால் முதலில் அதைத் திறந்து அந்த நம்பரைத் தேடுங்கள்.