ஸ்ட்ரெஸ்: மன அழுத்தமா, மனவுளைச்சலா?

மொரீஷியஸில் தமிழர் வீட்டிலும் பேச்சு பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல்தான். ‘மோ ஸ்ட்ரெஸே’ (எனக்கு ஸ்ட்ரெஸ்) என்று கணவரும் சொல்வார், மனைவியும் சொல்வார். சொல் வந்த வழி கொஞ்சம் சுற்று வழி. லத்தீனில் ‘ஸ்ட்ரிங்கெரே’ என்றால் இறுக்கிக் கட்டுவது. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் ஒடுக்கம், நெருக்கம் என்ற பொருளில் ‘எஸ்த்ரெஸ்’. அது இங்கிலாந்துக்குப் போய் ‘ஸ்ட்ரெஸ்’ ஆகி, இருபதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்கே திரும்பியது. இங்கே பிரெஞ்சு வகுப்பில் படிக்கும் ‘எத்ருவா’ (ஒடுக்கமான), ‘தெத்ரெஸ்’ (துயரம்) இரண்டும் இதற்குப் பங்காளிகள்.

இயற்பியலில் ஸ்ட்ரெஸ் என்பது ஓரலகு பரப்பின் மேல் செயல்படும் விசை. பாடநூல் தமிழில் தகைவு. அதனால் பொருள் உருமாறுவது ஸ்ட்ரெய்ன், அதாவது திரிபு. மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர் 1936இல் எலிகளில் கண்ட உடல் விளைவை எழுதி, பின்னர் அதற்கு ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தார். விளைவுக்கு ஸ்ட்ரெய்ன் என்றல்லவா வைத்திருக்க வேண்டும் என்று பிற்பாடு அவரே சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, காரணத்தைக் குறிக்க ‘ஸ்ட்ரெஸ்ஸர்’ என்று இன்னொரு சொல்லை உண்டாக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும். போர்ட் லூயிஸ் அலுவலகத்திலிருந்து ரோஸ் ஹில் திரும்பும் கணவர், ‘மோ ஸ்ட்ரெஸே’ என்றுவிட்டுத் தட்டோடு டிவி முன் உட்கார்ந்துவிடுகிறார். அவருக்குப் பேச்சு அதோடு முடிந்தது. மனைவியோ சட்டி கழுவிக்கொண்டே தோளில் போனை இடுக்கி அக்காவிடம் அன்றைய கதை முழுவதையும் கொட்டுகிறார். நெருக்கடி வந்தால் ‘எதிர்த்து நில் அல்லது ஓடு’ என்ற பழைய விளக்கம் பெண்களுக்குப் போதாது என்று உளவியலாளர் ஷெல்லி டெய்லரும் குழுவினரும் 2000இல் எழுதினார்கள்: பிள்ளைகளை அணைத்துக்கொள்வதும் உறவைத் தேடிப் போவதும் பெண்களிடம் கூடுதல் என்பது அவர்கள் கருத்து. 1995க்கு முந்தைய ஆய்வகச் சோதனைகளில் பெண்கள் 17 சதவீதம்தான் என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். அதற்காக ஆண்-பெண் வேறுபாடு முழுவதையும் ஹார்மோன் தலையில் கட்டிவிட முடியாது. மனைவி கேட்கக் கேட்கக் கணவர் ஒதுங்கும் வழக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் கிறிஸ்டென்சனும் ஹீவியும் 1990இல் கண்டது வேறு: மாற்றம் வேண்டும் என்று கணவர் கேட்கும் விஷயத்தில் அந்த ஆண்-பெண் வேறுபாடு தெரியவில்லை. யாருக்கு மாற்றம் தேவையோ அவரே பேசுகிறார். இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மன அழுத்தம்’ பரவலான சொல், ஆனால் மனச்சோர்வுக்கும் அதையே எழுதிவிடுகிறார்கள். தவிர, ‘அழுத்தக்காரன்’ என்றால் மனதில் உள்ளதை வெளியே விடாதவன். டிவி முன் இருப்பவருக்கு அது பொருந்தலாம், போனில் பேசுபவருக்கு எப்படிப் பொருந்தும்? லத்தீன் வேருக்கு ‘மன இறுக்கம்’ நெருக்கம்தான். ஆனால் ஆட்டிசத்தை அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ‘மனவுளைச்சல்’ எனக்குப் பிடித்தது. கை கால் உளைச்சல் என்கிறோமே, அதே உளைச்சல். வாய் திறப்பவருக்கும் திறக்காதவருக்கும் சேரும். வெளியே இருக்கும் காரணத்துக்கு ‘நெருக்கடி’ போதும்: ‘வேலை நெருக்கடியால் மனவுளைச்சல்.’