ஸ்கான் நோர்மல் என்றால் நோ பொய்யா?

இந்தக் கிழமையும் என்னிடம் பிசியோதெரபிக்கு ஒருவர் வந்தார். யாரென்று தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். பல வருட நாரி நோ. மனைவி எம்.ஆர்.ஐ கவரோடு வந்து, கதிரையில் இருக்க முன்னமே, "ரிப்போர்ட்டில ஒண்டுமில்லை எண்டு பெரிய டொக்டரே சொல்லிப்போட்டார், இவர்தான் சும்மா யோசிச்சு யோசிச்சு..." என்று தொடங்கிவிட்டார். அவர் வாயே திறக்கவில்லை. கட்டிலில் குப்புறப் படுத்து, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை என்றான பிறகுதான், "நான் இல்லாட்டி இவையளுக்கு நிம்மதி, மிஸ்" என்றார்.

பிசியோவாக வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. டொக்டரிடம் மூன்று நிமிடம், எங்களிடம் முக்கால் மணித்தியாலம், அதுவும் முகம் கீழே. சொல்வதெல்லாம் அங்கேதான் வரும்.

இப்போது இந்த "ஒண்டுமில்லை"யைப் பற்றிக் கதைக்கவேண்டும், எனக்கு இதில் பொறுமை போய்விட்டது. எம்.ஆர்.ஐயில் தெரிவது எலும்பு, டிஸ்க், நரம்பில் அமுக்கம், கட்டி, கிருமித்தொற்று. நோ தெரியாது. யாருடைய நோவும் எந்த மெஷினிலும் தெரியாது. மைக்ரேன் உள்ளவருக்கு மூளையை ஸ்கான் பண்ணினால் பெரும்பாலும் நோர்மல்தான் வரும், அதற்காக அவர் இருட்டறையில் சத்தியெடுத்துக்கொண்டு கிடந்ததெல்லாம் நடிப்பா? மறுபக்கமும் பாருங்கள். நாரி நோவே இல்லாதவர்களின் ஸ்கான்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வொன்று 2015 இல் வந்தது: 20 வயதுக்காரரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது, நோ மட்டும் இல்லை. ஆக தேய்மானம் இருந்தும் நோ இல்லாமல் இருக்கலாம், ஒன்றும் தெரியாமலே நோ உயிரை எடுக்கலாம். டொக்டர் "ஒன்றுமில்லை" என்றது ஆபத்தான நோய் எதுவும் இல்லை என்பதற்காக. அது நல்ல செய்தி. ஆனால் தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணி, இரவு ஒன்பது மணிவரை காத்திருந்து கேட்ட அந்த ஒரு சொல், பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்வதற்குள் "நீ நடிக்கிறாய்" என்று மாறிவிடுகிறது. (டொக்டர்மாரே, அந்தச் சொல்லோடு இன்னும் ஒரு வசனம் சேர்த்துச் சொன்னால் என்ன?)

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நோ. அப்படி நோ உள்ளவர்கள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது இரு மடங்கு என்று 2006 இலேயே ஓர் ஆய்வுத் தொகுப்பு எழுதியிருக்கிறது. எல்லாரும் அந்த நிலைக்குப் போவதில்லை, பெரும்பாலானோர் போவதே இல்லை, பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் நோ எவ்வளவு கடுமை என்று மட்டும் பார்த்தால் ஆளைத் தவறவிடுவோம். நித்திரை இல்லாமை, இனி மாறவே மாறாது என்ற எண்ணம், வீட்டாருக்குத் தான் கரைச்சல் என்ற எண்ணம், இவற்றையும் பார்க்கவேண்டும். நோவைத் தாங்கிக்கொண்டிருக்கிற மனுசன், தன்னை ஒருவரும் நம்பவில்லை என்பதையும் சேர்த்துத் தாங்கவேண்டியிருக்கிறது. ஆண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். இலங்கையில் தற்கொலையால் இறப்பவர்களில் பெரும்பான்மை அவர்கள்தான்.

"தற்கொலையைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே கிளப்பிவிட்டதாகிவிடாதா?" ஆகாது. நேரே கேளுங்கள்: "சாகவேணும் போல நினைப்பு வருதா?" அந்த மனிதரிடமும் அப்படித்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தார், பிறகு பேச்சு நிற்கவில்லை. அன்றைக்கே, அவருடைய சம்மதத்தோடு, மனைவியையும் உள்ளே கூப்பிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பினோம்.

உடனே "அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கா?" என்பார்கள். ஐயா, கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்கள் குடும்ப டொக்டரிடமிருந்தும் தொடங்கலாம், அங்கொடைக்கே போனாலும் குறைந்துபோக ஒன்றுமில்லை. பொலிஸ் வரும் என்று மறைக்கிற வீடுகளும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

அப்புறம் அந்த அமிட்ரிப்டிலின். சின்ன டோஸில் நரம்பு நோவுக்கும் நித்திரைக்கும் தருகிற குளிசை. வீட்டில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கூகுளில் தேடி "இது மனநோய்க் குளிசை" என்று கண்டுபிடித்து நிறுத்திவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள். எந்தக் குளிசையையும் டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். நாட்பட்ட நோ உள்ள வீட்டு லாச்சிகளில் பழைய குளிசை அட்டைகள் குவிந்து கிடக்கும். மிச்சத்தை வீட்டில் வைத்திருக்காமல், எப்படி அகற்றுவதென்று பாமசியில் கேளுங்கள், தேவையானதை வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வழமையில்லாத விதமாகச் சாமான்களை ஆட்களுக்குக் கொடுக்கிறார், கணக்கு வழக்கு ஒப்படைக்கிறார், பலநாள் அழுதவர் திடீரென்று அமைதியாகிவிட்டார் என்றால் "பரவாயில்லை, தேறிட்டார்" என்று விடாமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள். உடனடி ஆபத்து என்றால் தனியே விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

நோவோடு இதை வாசிக்கிறவருக்கு: அடுத்த கிளினிக்கில் "நோ குறையவில்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். இரவில் நித்திரை இல்லை, வாழ்க்கை வெறுத்துப்போயிற்று என்பதையும் அப்படியே சொல்லுங்கள், வாயால் வராவிட்டால் கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். கிளினிக் நாள்வரை தாங்காது என்றால் 1926க்கு இப்போதே எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், நடுச்சாமத்திலும் தமிழில் கதைக்கலாம். 1333 என்ற ஆலோசனை இலக்கமும் இருக்கிறது. இரண்டையும் வீட்டிலுள்ள எல்லார் போனிலும் சேமித்து வையுங்கள்.