பார்மகோஜெனெடிக்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழந்தையின் ஆஸ்துமாவுக்கு எந்த மருந்து ஒத்துவரும் என்று மரபணுவைப் பார்த்து முடிவு செய்வதற்குப் பெயர் பார்மகோஜெனெடிக்ஸ். அதைத் தமிழில் எழுதும்போது பலர் "மரபணு சிகிச்சை" என்று போட்டுவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. மரபணு சிகிச்சை என்றால் மரபணுவிலேயே கை வைப்பது. இங்கே பிள்ளையிடம் கொஞ்சம் எச்சில் வாங்கி, அதிலுள்ள மரபணுவைப் படித்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பெற்றோரின் பாதிப் பயம் இந்தத் தவறான பெயரால் வருவது.

பார்மகோஜெனெடிக்ஸ் என்பது 1959இல் ஜெர்மன் மரபியலாளர் ஃபிரீட்ரிச் ஃபோகல் வைத்த பெயர். முன்பாதி 'ஃபார்மகோன்' என்ற கிரேக்கச் சொல். மருந்து, நஞ்சு இரண்டுக்கும் அதுவே. நமக்கு இது புதிதா என்ன? எலி மருந்து, பூச்சி மருந்து என்கிறோம், "மருந்தக் குடிச்சிட்டான்" என்றால் ஊரே பதறி ஓடும். பின்பாதிக்கு மரபியல். தொல்காப்பியத்தில் ஓர் இயலுக்கே அந்தப் பெயர் உண்டு, ஆனால் அங்கே அது பார்ப்பு, பறழ், குட்டி என்று இளமைப் பெயர்களில் தொடங்கும். அறிவியல் பொருள் பிற்பாடு ஏற்றியது. ஆக, மருந்து மரபியல். 'மருந்தியல் மரபணுவியல்' என்றும் எழுதுகிறார்கள், எனக்கு வாயில் நுழையவில்லை.

சரி, இழுப்புக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு வருவோம். சல்பூட்டமால், சால்மெட்டெரால் என்ற இன்ஹேலர் மருந்துகள் இரண்டும் மூச்சுக்குழாய்த் தசையில் உள்ள பீட்டா-2 ஏற்பியில் (மருந்து வந்து ஒட்டும் புரதம்) போய் ஒட்டித்தான் குழாயைத் தளர்த்துகின்றன. அந்த ஏற்பியின் 16ஆம் இடத்தில் சிலருக்கு கிளைசின், சிலருக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கும். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஆர்ஜினின் வந்த பிள்ளைக்கு, தினமும் சால்மெட்டெரால் கொடுத்தால் பலன் குறையுமோ என்று சந்தேகம். அப்படிப்பட்ட 62 குழந்தைகளை ஓராண்டு பார்த்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவில், ஸ்டீராய்டு இன்ஹேலரோடு மான்டெலுகாஸ்ட் மாத்திரை சேர்த்தவர்கள் சால்மெட்டெரால் சேர்த்தவர்களைவிடக் குறைவாகவே பள்ளிக்கு லீவு போட்டிருந்தார்கள். அப்புறம் பிரிட்டனில் 12 முதல் 18 வயது வரையான 241 பேரிடம், மரபணு பார்த்து மருந்து கொடுத்தால் பலன் கூடுமா என்று நடந்த சோதனையில் கிடைத்த முன்னேற்றம் சின்னதுதான். மான்டெலுகாஸ்டும் சாதுவான மாத்திரை இல்லை, மனநிலை மாற்றம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2020இல் கட்டம் கட்டி எச்சரித்தது.

"எங்க பரம்பரையிலயே இழுப்பு கிடையாது" என்று யாரும் இதற்குச் சண்டைக்கு வர வேண்டியதில்லை. நோய் யார் வழி வந்தது என்று இந்தச் சோதனை சொல்லாது. பிள்ளையின் மரபணுத் தகவல் யாரிடம் இருக்கும், நாளைக்கு இன்சூரன்ஸ்காரர் கைக்குப் போகுமா என்று கேட்கிறவர்கள்தான் சரியான கேள்வியைக் கேட்கிறார்கள், அதற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.